ராத்தாவை ஆணாக்கிய கதை

எங்கள் ராத்தா மாடு பார்ப்பதை எலுவன்குளத்தில் யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. அதிசயப்பட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்தான். வில்பத்துக் காட்டைப் பார்க்க ஜீப்பில் வருகிறவர்கள் வழி தவறினால், மாட்டுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் மெல்ல உருண்டு வரும் உருவத்தை மறித்து, தம்பி, கேட் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். சாரத்தை மடித்துக் கட்டி, வாப்பாவின் நீளக்கைச் சேட்டைப் போட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தத் தம்பி நல்ல பெண்குரலில் வழி சொல்லும். அவர்கள் முழிக்கிற முழியைப் பார்ப்பதற்காகவே ராத்தா கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுவாள். வீட்டுக்கு வந்து அந்த முழியை எங்களுக்கு நடித்தும் காட்டுவாள்.

ராத்தா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வாப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது, நாங்கள் இரண்டு பேர்தான். ராத்தா பத்தாம் வகுப்புப் படிக்கும்போது வாப்பா மோட்டார் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் கட்டிலில் கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாடு மூன்று மாதம் காத்திருக்காது. ராத்தா பள்ளிக்கூடம் விட்டு வந்து, வெள்ளைச் சீருடையோடும் பர்தாவோடும் அப்படியே பட்டிக்குப் போனாள். ஒரு மாடுகூட அவளைக் கிட்ட விடவில்லை.

எங்கள் மாடுகள் கொட்டிலில் கட்டி வைத்துப் பால் கறக்கிற மாடுகள் அல்ல. வருடத்தில் பாதிக் காலம் காட்டோரத்தில் மேய்ந்து, புது மனிதரைக் கண்டால் காதை விறைத்துக்கொண்டு நிற்கிறவை. அவற்றுக்கு வாப்பா என்றால் வாப்பாவின் முகம் அல்ல, வியர்வை நாறும் சேட்டும் சாரமும்தான். ராத்தா அழுதுகொண்டு திரும்பி வந்ததும் வாப்பா படுத்தபடியே சிரித்தார். தன்னுடைய சேட்டையும் சாரத்தையும் கொடுக்கச் சொன்னார். மறுநாள் மாடுகள் ராத்தாவுக்குப் பின்னால் வந்தன. சாரத்துக்குள்ளே ஒரு காற்சட்டையும் போட வேண்டும் என்பது உம்மா போட்ட நிபந்தனை. அந்தச் சேட்டுக்குச் சவர்க்காரம் போடக்கூடாது என்பது வாப்பா போட்ட நிபந்தனை. வெறும் தண்ணீரில் அலசலாம், அவ்வளவுதான். உம்மா அதை ஒரு குச்சியால் தூக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுப்பெரிகிற குசினியின் கதவுக்குப் பின்னால் மாட்டுவா.

வாப்பாவின் கால் சுகமானது. ராத்தா பட்டியை விடவில்லை. ஓ.எல். சோதனை எழுதிவிட்டுத் திரும்பவும் மாட்டோடு போனாள். வாப்பாவும் மறிக்கவில்லை. வயல் விதைக்கிற காலத்தில் பட்டியை ஊருக்குள் வைத்திருக்க ஏலாது, பயிருக்குள் வாய் வைத்துவிடும். குளத்துக்கு அப்பால் ஓட்டிப் போக வேண்டும். அங்கே கொஞ்ச தூரத்தில் காட்டின் எல்லைக்கல் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் புல் இல்லை, அந்தப் பக்கம் புல் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் மாடு போனால் வழக்கு. பிடிபடாவிட்டாலும் புலி, கரடி, யானை என்று ஏதாவது ஒன்று காத்துக்கொண்டிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் பட்டியை வயிறு நிறைய மேய்த்துக் கொண்டுவருவதுதான் வேலை. வாப்பாவைவிட ராத்தாவுக்கு அது நன்றாக வந்தது என்று வாப்பாவே சொல்லுவார்.

நான் வேறு ரகம். மாடு தும்மினால் வீட்டுக்குள் ஓடி வந்துவிடுவேன். புத்தகமும் கையுமாக இருந்து, படித்து, டீச்சராகி, புத்தளம் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் ஊருக்கு வருவேன். ராத்தா சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்பாள். பின்னால் ஏறினால் அந்தச் சேட்டில்தான் மூக்கு முட்டும். டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டு வாங்க, செத்துப்போனா என்னைப் பிடிப்பாங்க என்று சொல்லிக்கொண்டே குழியெல்லாம் பார்த்துப் பார்த்து விழுத்துவாள். அவள்மேல் எனக்கு இருந்த பிரியத்தை இப்போது சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் செய்த காரியத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

வாப்பா மௌத்தானபோது ராத்தாவுக்கு முப்பது வயது. சாவதற்கு முதல்நாள்கூடப் பட்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவர் போன பிறகுதான் பட்டி யாருடையது என்ற கேள்வி வந்தது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பட்டிக்கும் ஒரு குறி உண்டு. இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் கன்றின் பின்தொடையில் சுடுவார்கள். அந்தக் குறி அலுவலகத்தில் ஆளின் பெயரில் பதிந்திருக்கும். குறி இல்லாத மாடு கட்டாக்காலி, யாரும் பிடித்துக் கட்டலாம். வாப்பாவின் பெயரில் இருந்த குறியை அந்த வருடத்துக் கன்றுகளுக்குச் சுட முடியாது. யாருடைய குறியைச் சுடுவது?

மார்க்கப்படி வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பாவுக்கு ஒரு பங்கு இருந்தது. அதில் எந்தச் சண்டையும் இல்லை, அவருக்குரிய பசுக்களை ராத்தாவே பிரித்து ஓட்டிக் கொடுத்தாள். மிச்சத்தைப் பற்றித்தான் கதை. பெரியவாப்பாவின் மகன், எங்களுக்கு அண்ணன் முறையான நானா, நல்ல மனிதர். எங்களைத் தன் கூடப்பிறந்தவர்கள் மாதிரித்தான் பார்த்தார். அவர் சொன்னது இதுதான்: எல்லாக் கன்றுக்கும் என்னுடைய குறியைச் சுட்டுவிடுவோம், மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், பால் உங்களுக்கே வரும், ராத்தா இனி வீட்டில் இருக்கலாம். வாப்பா இருந்தவரைக்கும் வாப்பாவுக்கு உதவியாகப் போனாள், அது வேறு. இனிப் போனால் அது தொழில். கலியாணமாகாத ஒரு குமர் காட்டோரத்தில் தனியாகத் தொழில் செய்வதா என்று கேட்டார். அவர் கேட்டதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

உம்மா இத்தாவில், புருஷன் மௌத்தான பெண் ஒதுங்கியிருக்கும் நாட்களில், இருந்தா; திரைக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு மட்டும் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ராத்தா பெரியவாப்பாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்று ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"எனக்கெண்டு ஒரு குறி வேணும், பெரியவாப்பா."

பெரியவாப்பா தாடியைத் தடவினார். குறி சுடுகிற நாளில் பார்ப்போம், பள்ளிவாசல் ஜமாஅத்தில் இரண்டு மூன்று பேரும் வரட்டும், மிருக வைத்திய அலுவலகத்து மாத்தையாவும் வருவார், அவர் காதுத்தகடு போட்டுப் பெயர் எழுதும்போது முடிவெடுப்போம் என்றார். போகும்போது ஒரு நிபந்தனையும் போட்டார். அன்றைக்கு நாலு பேர் வருவார்கள், வாப்பாவின் சேட்டோடு வந்து நிற்காமல் ஒழுங்காக உடுத்து வர வேண்டும். உரிமை கேட்கிறவள் பெண்ணாக வந்து கேட்கட்டும்.

அது நியாயமாகத்தான் பட்டது. நான்தான் டவுனில் அவளுக்குப் புது அபாயா வாங்கினேன். கறுப்பு, நல்ல அகலம், கையில் கல் வைத்த வேலை. ராத்தா அதை உடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு வடிவாக இருந்தாள். அவளும் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கலியாண வீட்டுக்கும் பெருநாளுக்கும் அவள் அபாயா உடுக்கிறவள்தான். மாட்டுக்கு முன்னால் மட்டும் உடுத்ததில்லை. அந்த ஒரு விஷயத்தை எங்கள் வீட்டில் ஒருத்தரும் யோசிக்கவில்லை, ராத்தாகூட.

குறி சுடுகிற நாள் காலையில் பட்டி வாசலில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். நானாவின் இரும்பு அதற்குள் கிடந்தது. பெரியவாப்பாவும் ஜமாஅத் ஆட்களும் மரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருந்தார்கள். மாத்தையா காதுத்தகட்டுப் பெட்டியோடு வந்து இறங்கினார். நானாவும் இரண்டு பேரும் மாடுகளைக் குளக்கட்டு வரைக்கும் ஓட்டி வந்துவிட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நகரவில்லை. புகை, புது ஆட்கள், புதுக் குரல். ராத்தாவைக் கூப்பிடு என்று நானா கையைக் காட்டினார்.

ராத்தா வீட்டுப் பக்கமிருந்து பற்றைகளுக்கு நடுவால் நடந்து போனாள். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அபாயா இரண்டு பக்கமும் விரிந்து படபடவென்று அடித்தது. தலைப்பசு கழுத்தைத் தூக்கிப் பார்த்தது. அந்த வருடம் தொடக்கத்தில் அதே பற்றைக்குள்ளிருந்துதான் ஒரு கரடி பாய்ந்து ஒரு நாம்பன் காளையின் முதுகைக் கிழித்திருந்தது. கறுப்பாக, அகலமாக, பற்றைக்குள்ளிருந்து ஒன்று வந்தால் அது என்ன என்று அந்தப் பசுவுக்கு நன்றாகத் தெரியும். ராத்தா வாயைத் திறந்து கூப்பிடுவதற்கு முன்னமே தலைப்பசு ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. அவ்வளவுதான், முழுப் பட்டியும் குளக்கட்டை உடைத்துக்கொண்டு போகிற வேகத்தில் திரும்பி, எல்லைக்கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டது.

தூசு அடங்கியபோது வெளியில் ஒரு மாடும் இல்லை. மரத்துக்குக் கீழே இருந்தவர்கள் எழும்பிவிட்டார்கள். கரடி எண்டு நினைச்சிட்டுதுகள் என்று யாரோ சொன்னார்கள். நான் அந்த அபாயாவை வாங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ராத்தா தன்னுடைய இரண்டு கைகளையும் விரித்து, கல் வைத்த வேலையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தது ஆண்களுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. குசினிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது வாப்பாவின் சேட்டும் சாரமும்தான். நிபந்தனை போட்ட பெரியவாப்பாவுக்கு முன்னாலேயே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள். நானா பின்னால் ஓடினார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உரிமை கேட்க வந்த நாளில் மாட்டையே காட்டுக்குள் கலைத்துவிட்டாள் என்று பெரியவாப்பா சொன்னால் யார் மறுக்க முடியும்? லுஹர் தொழுகை போனது. மாத்தையா பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டு முடித்து மணியைப் பார்த்தார். பெரியவாப்பா தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். உம்மா ஜன்னலோரம் இருந்து ஓதிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் குளக்கட்டில் தலைப்பசு தெரிந்தது.

ராத்தா முன்னால் நடந்து வந்தாள். மோட்டார் சைக்கிளை எங்கேயோ விட்டுவிட்டாள். சும்மா, வீட்டில் என்னோடு கதைக்கிற மாதிரி, பசுவைப் பார்க்காமலே ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள். மாடுகள் வரிசையாகப் பின்னால் வந்தன. கடைசியில் நானா, சாரம் கிழிந்து, தோளில் ஒரு கன்றோடு. பட்டிக்குள் எல்லாம் போனதும் ராத்தா வாசலில் குந்திவிட்டாள். முழங்காலில் இரத்தம்.

மாத்தையா புத்தகத்தைத் திறந்து, மாட்டுச் சொந்தக்காரர் யார் என்று சிங்களத்தில் கேட்டார். எல்லாரும் பெரியவாப்பாவைப் பார்த்தார்கள். பெரியவாப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் நானா கன்றை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"தங்கச்சிட மாடு. அவட பேர எழுதுங்க."

பிறகு அதையே சிங்களத்திலும் சொன்னார், பிழை வரக்கூடாது என்று. காட்டுக்குள் என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொன்னவரும் நானாதான். யானை நின்ற இடத்தில் மாடுகள் கலைந்து நின்றனவாம். தான் கத்தப் போனதாகவும், ராத்தா தன்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் தலைப்பசுவுக்கு ஏசிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். தனக்கு இந்தப் பொறுமை இல்லை என்றும் சொன்னார். பெரியவாப்பா ராத்தாவின் முழங்காலைப் பார்த்து, மருந்து போடு என்றார். மாத்தையா அவளுடைய பெயரை எழுதுவதை மறிக்கவில்லை. அன்றைக்குத் தகடு மட்டும்தான் போட்டார்கள், அவளுடைய குறிக்கு இரும்பு இருக்கவில்லையே. அடுத்த கிழமை அவளும் நானும் பஸ்ஸில் டவுனுக்குப் போனோம். தன் குறி எப்படி இருக்க வேண்டும் என்று அவள் கொல்லனின் பட்டறை மண்ணில் விரலால் கீறிக் காட்டினாள். வரும்போது கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பைக் கடதாசியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கண்டக்டர் என்ன பார்சல் என்று கேட்டதற்கு, என் பெயர் என்று சொன்னாள்.

பிறகு ராத்தா மாம்புரிக்காரர் ஒருவரைக் கலியாணம் முடித்தாள். மச்சான் நல்ல கடலோடி, காற்றும் மழையுமாக இருக்கும்போதும் தோணி இறக்கின மனிதர், ஆனால் மாட்டைக் கண்டால் நடுங்குவார். எலுவன்குளத்துக்கு வந்து மிளகாயும் கத்தரியும் போட்டார். சமையலும் அவருடைய கையில்தான், மீன் ஆணம் வைத்தால் வாசலில் ஆள் நிற்கும். மாட்டுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு வேலி இருக்கும்படி பார்த்துக்கொள்வார். இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தார்கள், இருக்கிறார்கள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நான்தான் அதைக் கெடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்கு யாரோ கொடுத்த பழைய புத்தகப் பெட்டிக்குள் ஒரு தடித்த ஆங்கிலத் தொகுப்பு இருந்தது. தென் அமெரிக்கப் புல்வெளிகளில் மாடு மேய்க்கிற கௌச்சோக்களைப் பற்றிய கதைகள். எடுத்தவள் வைக்கவில்லை. குதிரைக்குப் பதிலாக மோட்டார் சைக்கிளையும் புல்வெளிக்குப் பதிலாக முள்ளுக்காட்டையும் வைத்தால் அது எங்கள் ஊர். அங்கேயும் ஒரு எல்லை, அதற்கு அப்பால் சட்டம் எட்டாத இடம். அங்கேயும் குறி சுடுகிறார்கள், மாட்டுக்காகச் சண்டை பிடிக்கிறார்கள், நெருப்பைச் சுற்றி இருந்து ஒரு கசப்பு இலைச் சாயத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் குடிக்கிறார்கள். நான் அந்தக் கதைகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பெண் என்றால் குடிசை வாசலில் கேத்தலோடு நிற்கிறாள். இல்லாவிட்டால் அவளுக்காக இரண்டு பேர் கத்தியால் குத்திக்கொள்கிறார்கள். குதிரையில் ஏறிய ஒருத்தி இருந்தாலும் அவள் ஆண்வேடம் போட்டு ஒளிந்திருப்பவள். கடைசிப் பக்கத்தில் அவள் பெண் என்று கண்டுபிடிப்பதுதான் கதையே.

இதை ஒரு வெள்ளிக்கிழமை ராத்தாவிடம் சொன்னேன். அவள் சிரத்தையாகக் கேட்டாள். அந்தக் குதிரைக்காரி பெண் என்று கண்டுபிடித்த பிறகு அவளுடைய மாட்டை யார் பார்த்தார்கள் என்று கேட்டாள். அது கதையில் இல்லை என்றேன். அதென்ன கதை என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி விளங்கியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வேடம் என்று ஒன்று இருந்ததேயில்லை. அந்தச் சேட் எல்லாரும் பார்க்கத்தான் குசினியில் தொங்கியது. அதைப் போட்டதால் ராத்தா ஆணாகவில்லை, கழற்றியதால் பெண்ணாகவுமில்லை. மாட்டுக்குப் போகிற உடுப்பு அது, பெருநாளுக்கு வேறு உடுப்பு. காடு அவளிடம் நீ ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை, சவர்க்காரம் போட்டாயா என்று மட்டும்தான் கேட்டது. இதையெல்லாம் இப்போது அழகாக எழுதுகிறேன். அப்போது எழுதியது வேறு.

அப்போது நான் ஒரு சிறுகதை எழுதினேன். காட்டோரத்தில் ஒரு மாட்டுக்காரன். வாப்பாவை இழந்தவன், குறிக்காக உறவோடு மோதுகிறவன், கலைந்து போன பட்டியைத் தனியே போய்க் கூட்டி வருகிறவன். எல்லாம் ராத்தாதான். ஆனால் ஆண். இடுப்பில் ஒரு கத்தியும் சொருகி, அதிகம் பேசாதவனாகவும் ஆக்கினேன். ராத்தா வாய் மூடாதவள். அவளை மறைப்பதற்காகத்தான் மாற்றினேன், ஊரில் கதை வரக்கூடாது பாருங்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். ஒரு பெண் என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள், விளக்கம் சொல்ல வேண்டி வரும், கதை அந்தப் பெரிய கதைகளைப்போல இருக்காது என்று நினைத்தேன். அந்தக் கதைகளைக் குறை சொன்ன அதே வாயால் அதையே செய்தேன்.

ஒரு சஞ்சிகையில் படத்தோடு வந்தது. எனக்குத் தரையில் கால் படவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து அதிபர் அதைப் போட்டோக் கொப்பி எடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டினார். ஊரில் எல்லாரும் வாசித்தார்கள். ராத்தாவின் தங்கச்சி எழுதினால் அது ராத்தா வீட்டுக் கதையாகத்தான் இருக்கும், அந்த வீட்டில் ஒரு ஆண்தான் இருக்கிறார். பள்ளிவாசலில் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டீங்களா என்று கேட்டார்கள். மச்சான் முதல் நாள் இல்லை இல்லை என்றார். இரண்டாம் நாள் சும்மா சிரித்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தோம். ராத்தாவும் சிரித்தாள்.

முந்தலிலிருந்து நாம்பன் வாங்க ஒரு வியாபாரி வந்தார். ராத்தா விலை சொல்லச் சொல்ல, அவர் அவளைத் தாண்டி மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்க சொல்லுங்க என்றார். மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, எனக்கு மாடு தெரியாது என்றார். பெரிய மனிதர் அடக்கமாகச் சொல்கிறார் என்று வியாபாரி நினைத்துக்கொண்டார். இதற்கும் சிரித்தோம்.

பிறகு மாடு வளர்க்கிறவர்களின் சங்கத்திலிருந்து கூட்டத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. மேய்ச்சலுக்கு இடம் கேட்டு எழுதுகிற கூட்டம். அதற்காக ராத்தா இரண்டு வருடமாக அலைந்திருந்தாள். வழமையாக அவளுடைய பெயரில் வரும். இந்த முறை உறையில் மச்சானின் பெயர் இருந்தது.

நான் அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியபோது சந்தியில் மோட்டார் சைக்கிள் இல்லை. போன நோன்புக்கு முந்திய கிழமை அது, வெயில் கொதித்தது. நடந்து போனேன். ராத்தா பட்டி வாசலில் ஒரு கன்றுக்கு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உறை பக்கத்தில் மண்ணில் கிடந்தது. நான் எடுத்துப் பார்த்தேன். மச்சானைப் போய்ப் பிழை என்று சொல்லச் சொல்லலாம் என்றேன். அவள் தலையைத் தூக்கவில்லை.

"மச்சான் போய்ச் சொல்லணுமா, என்ட மாடு என்டது எண்டு?"

அவள் கன்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபம் இல்லை, நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

"நானாக்கு அண்டைக்கு முழுப் பட்டியும் கிடைச்சிருக்கும். வாயத் தொறக்காம நின்டிருந்தாப் போதும். அவரே தங்கச்சிட எண்டு சொன்னார். நீ என்ட தங்கச்சி, புள்ள. நீ ஏன் சொல்லல்ல?"

ஒரு பெண் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தேன் என்றேன். எனக்கே கேட்காத குரலில்தான் சொன்னேன். நம்பாதவங்களை இஞ்ச கூட்டிட்டு வா என்றாள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டு இன்னும் இரண்டு உண்ணி பொறுக்கினாள். பிறகு சேட்டின் கைநுனியால் என் முகத்தைத் துடைத்தாள். அந்த நாற்றத்தில் எனக்கு அழுகை நின்றுவிட்டது, அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

கூட்டத்துக்கு அவள்தான் போனாள். உறையில் இருந்த பெயரை வெட்டிவிட்டுத் தன் பெயரை எழுதி, அந்தக் கடிதத்தையே மேசையில் வைத்தாளாம். மச்சான் வாசல் வரைக்கும் கூடப் போய், கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் கத்தரிக்காய்க்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அதற்கும் ஒன்றிரண்டு பேர் அடக்கம் என்றுதான் சொன்னார்களாம். அச்சில் போன பொய்யைத் திருப்பி எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் இதைத் திரும்பவும் எழுதட்டுமா, இந்த முறை நடந்ததை நடந்தபடி எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். அவள் யோசித்துவிட்டு எழுது என்றாள். உன் பெயரைப் போடவா என்று கேட்டேன். அவள் மோட்டார் சைக்கிளில் ஏறி, துவாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"பேர் வேணாம். ஆக்கள் வந்து குழப்புவாங்க. பொம்புள எண்டத மட்டும் மறைக்காத."

அதனால்தான் இதில் ஒருவருடைய பெயரும் இல்லை. அந்தக் கதையில் காட்டுக்குள் போய் மாட்டைக் கூட்டி வந்தவன் என் ராத்தா. அவள் பெண்.